வேகப் படகு என்ஜினுக்கு இரும்பா, அலுமினியமா?

மும்பை கேட்வே ஆப் இந்தியா படித்துறையில் சிறிது நேரம் நின்று பார்த்தால் இரண்டு வகைப் படகுகள் கண்ணில் படும். ஒன்று, ஆட்களை நிறைய ஏற்றிக்கொண்டு எலிபெண்டா தீவை நோக்கி ஆடி அசைந்து போகும் பெரிய படகு. மற்றது, மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்னால் வெள்ளை நுரையை வாரி இறைத்தபடி பறக்கும் வேகப் படகு.

பெரிய படகுக்கு என்ஜின் விஷயத்தில் குழப்பமே இல்லை. வார்ப்பு இரும்பில் செய்த டீசல் என்ஜின் போதும். கனமாக இருந்தால் என்ன? மெதுவாகப் போகலாம். நாள் தவறாமல் போனால் சரி.

வேகப் படகில்தான் தகராறு. அதிலும், படகின் பின்புறம் தொங்காமல் உள்ளே உட்காரும் பெட்ரோல் என்ஜின் என்றால், ஒரு கேள்வி கட்டாயம் வரும். அதன் சிலிண்டர் ஹெட்டையும், புகை வெளியேறும் மேனிபோல்டையும் எந்த உலோகத்தில் போடுவது? இரும்பிலா, அலுமினியத்திலா?

பணம் போடுகிறவர் படகின் சொந்தக்காரர். ஆனால் கேள்வி வந்து நிற்பது மெக்கானிக்கிடம். அவர் தவறான பதிலைச் சொல்லி, சில மாதங்களில் ஹெட் உள்ளுக்குள் அரித்து, கடல் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கினால், போவது ஹெட்டின் விலை மட்டும் அல்ல. மொத்த என்ஜினும் போகும். கரையிலிருந்து பல மைல் தள்ளி அது நடந்தால், படகில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். மெக்கானிக்கின் பெயரும் அன்றோடு கெட்டது.

கார் என்ஜின்தான், ஆனால்...

இந்த வாதம் சூடு பிடித்த இடம் அமெரிக்கா. கார்களுக்கும் லாரிகளுக்கும் செய்த 8 சிலிண்டர் பெட்ரோல் என்ஜின்களையே சிறிது மாற்றியமைத்துப் படகில் பொருத்துவது அங்கே நெடுநாள் வழக்கம். செவர்லே கம்பெனியின் 5.7 லிட்டர், 7.4 லிட்டர் என்ஜின்கள் இப்படி ஏராளமான படகுகளில் ஏறின. அவற்றில் பிளாக், ஹெட் இரண்டும் பெரும்பாலும் வார்ப்பு இரும்பு.

"இரும்பு ஹெட்டைக் கழற்றி எறி, அலுமினிய ஹெட்டை மாட்டு, வேகம் பிய்த்துக்கொண்டு போகும்" என்பது பந்தயக் கார்க்காரர்கள் கொண்டு வந்த பேச்சு. காரில் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. படகில்?

சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் கார், என்ஜினின் பலத்தில் ஒரு பகுதியைத்தான் செலவிடுகிறது. இறக்கம் வந்தால் அதுவும் வேண்டாம். படகுக்கு இறக்கம் என்பதே கிடையாது. கண்டாலா மலைப்பாதையில் பாரம் ஏற்றிய லாரி முனகிக்கொண்டு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஏற்றம் முடியாமல் ஒரு மணி நேரம் நீண்டால் எப்படி இருக்கும்? வேகப் படகு என்ஜினின் பிழைப்பு அதுதான்.

அவ்வளவு சூட்டையும் ஏதாவது ஒன்று எடுத்துக்கொண்டு போக வேண்டும். காரில் ரேடியேட்டரும் காற்றும் இருக்கின்றன. படகில் இருப்பது சுற்றியுள்ள தண்ணீர். இந்தத் தண்ணீர்தான் உலோகத்தைத் தீர்மானிக்கிறது.

அலுமினியத்தின் பெருமை

முதலில் அலுமினியத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்து விடலாம்.

ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியத்தின் எடை 2.7 கிராம். அதே அளவு வார்ப்பு இரும்பு 7 கிராமுக்கு மேல். 7.4 லிட்டர் செவர்லே என்ஜினில் இரண்டு இரும்பு ஹெட்டுகளையும் எடுத்து விட்டு அலுமினிய ஹெட்டுகளைப் போட்டால், மொத்தத்தில் சுமார் 30 கிலோ குறையும்.

இரண்டாவது, சூடு. ஹெட் செய்யும் அலுமினியக் கலவை, வார்ப்பு இரும்பைப் போலச் சுமார் 3 மடங்கு வேகத்தில் சூட்டைக் கடத்தும். பெட்ரோலும் காற்றும் எரியும் அறையில் ஒரு மூலை மட்டும் கனன்று கொண்டிருக்காது. அதனால் "நாக்கிங்" என்னும் தட்டல் சத்தம் எளிதில் வராது. அதே பெட்ரோலில் கம்பிரஷனைக் கொஞ்சம் உயர்த்திக் கொள்ளலாம். 9-க்கு 1 என்று இருந்ததை 9.5-க்கோ 10-க்கோ கொண்டு போகலாம். பலம் கூடுவது இந்த வழியில்தான்.

ஆனால் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. அலுமினியம் என்ற உலோகமே குதிரைசக்தியைக் கொடுத்து விடும் என்பது அது. அப்படி இல்லை. காற்று போகும் வழியும், எரியும் அறையின் வடிவமும், கம்பிரஷனும் ஒன்றாகவே இருந்தால், இரும்பு ஹெட் அலுமினியத்துக்குச் சளைக்காது. சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பதால் ஒரு துளி கூடுதலாகவே கூடத் தரலாம். கடையில் விற்கும் அலுமினிய ஹெட்டில் காற்றுவழி நன்றாக வடிவமைக்கப்பட்டிருக்கும். புகழ் உலோகத்துக்குப் போய் விடுகிறது!

30 கிலோவைப் பற்றியும் யோசிக்க வேண்டும். பந்தயப் படகில் அது பெரிய விஷயம். என்ஜின் பின்புறம் இருப்பதால், அங்கே எடை குறையக் குறையப் படகு விரைவில் தண்ணீர் மேல் எழும்பிச் சறுக்கத் தொடங்கும். ஆனால் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போகும் 2 டன் படகுக்கு 30 கிலோ எம்மாத்திரம்? ஒரு பள்ளிக்கூடப் பையனைக் கரையில் இறக்கி விட்டால் கணக்கு சரியாகி விடும்.

சாதனைகள் நடந்த இடம்

அலுமினியத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் பழைய சாதனைகளைச் சொல்வார்கள். சாதனைகள் உண்மைதான்.

1930-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி, இங்கிலாந்து நாட்டின் வின்டர்மீர் ஏரியில், சர் ஹென்றி சீகிரேவ் "மிஸ் இங்கிலாந்து 2" என்ற படகில் மணிக்கு சராசரி 98.76 மைல் வேகத்தை எட்டி உலக சாதனை செய்தார். படகில் இருந்தவை இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் "ஆர்" விமான என்ஜின்கள். அலுமினியக் கலவையில் வார்த்தவை. சாதனை செய்த பிறகு மீண்டும் ஓடியபோது படகு கவிழ்ந்தது. சீகிரேவும், ரோல்ஸ் ராய்ஸ் என்ஜினீயர் விக்டர் ஹாலிவெல்லும் இறந்தார்கள்.

அந்த என்ஜினின் எடை சுமார் 744 கிலோ. 1931-ல் அது விமானத்தில் கொடுத்த சக்தி 2,350 குதிரைசக்தி. ஒரு கிலோவுக்கு 3 குதிரைசக்தி! இரும்பில் வார்த்திருந்தால் அந்தக் கணக்கு வந்தே இருக்காது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், அமெரிக்க ராணுவத்துக்குத் தேவைப்படாத அலிசன் விமான என்ஜின்கள் மலிவாக விற்பனைக்கு வந்தன. 1950-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி, சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் ஏரியில் ஸ்டான்லி சேயர்ஸ் "ஸ்லோ-மோ-ஷன் 4" என்ற படகை மணிக்கு 160 மைலுக்கு மேல் ஓட்டினார். அதிலும் அலிசன் என்ஜின்தான். அதுவும் அலுமினியம்தான்.

இவற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று. வின்டர்மீர் நன்னீர் ஏரி. வாஷிங்டன் ஏரியும் நன்னீர். போதாக்குறைக்கு, அவை நீண்ட நாள் உழைப்பதற்காகச் செய்த ஏற்பாடுகளும் அல்ல. சில நிமிடங்கள் ஓட்டுவார்கள்; கழற்றுவார்கள்; பார்ப்பார்கள்; மாட்டுவார்கள். கூடவே ஒரு பட்டாளம் மெக்கானிக்குகள். ஆண்டு முழுவதும் அரபிக்கடலில் மிதந்து கொண்டிருக்கும் படகுக்கு அந்தச் சாதனைகள் சாட்சி சொல்ல முடியாது.

உப்பு செய்யும் வேலை

கடல் தண்ணீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தோல் இயற்கையாகவே படர்ந்திருக்கும். அந்தத் தோல்தான் அலுமினியத்துக்குக் கவசம். உப்பில் உள்ள குளோரைடு அந்தக் கவசத்தில் அங்கங்கே ஓட்டை போடும். பிறகு அரிப்பு பரவலாக நடக்காது. ஊசி குத்தியது போல் ஆழமாக இறங்கும். மேலே பார்த்தால் வெள்ளைப் பொடி, உள்ளே குழி.

இத்துடன் இரும்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உப்புத் தண்ணீரில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நின்றால், அது ஒரு பாட்டரி போல் வேலை செய்யும். இரண்டில் ஒன்று தன்னைக் கரைத்து மற்றதைக் காப்பாற்றும். இரும்பும் அலுமினியமும் சேர்ந்தால் கரைவது அலுமினியம். இரும்பு பிளாக், அதன் மேல் அலுமினிய ஹெட், இரண்டுக்கும் நடுவே ஓடும் கடல் தண்ணீர். பாட்டரி தயார்!

முதலில் பாதிக்கப்படுவது தண்ணீர் துவாரங்களின் விளிம்பு. காஸ்கெட் உட்காரும் இடம் அரிக்கப்பட்டதும் அடைப்பு விடும். தண்ணீர் சிலிண்டருக்குள் வரும்.

இந்தக் கரைதலை நன்மைக்கும் பயன்படுத்தலாம் என்று காட்டியவர் ஹம்ப்ரி டேவி என்ற இங்கிலாந்து விஞ்ஞானி. அந்த நாட்டுக் கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்தில் அடித்த தாமிரத் தகடு அரித்துப் போவதைத் தடுக்க, 1824-ல் அவர் இரும்பு, துத்தநாகத் துண்டுகளைத் தகட்டோடு பொருத்திப் பார்த்தார். துண்டுகள் கரைந்தன, தாமிரம் பிழைத்தது. வேடிக்கை என்னவென்றால், தாமிரம் கரையாமல் போனதால் பாசியும் சிப்பியும் பயமில்லாமல் தகட்டில் ஒட்டிக்கொண்டன. கப்பலின் வேகம் குறைந்தது! ஆனால் டேவியின் வழிதான் இன்றும் படகுகளில் "ஜிங்க்" என்ற பெயரில் நடக்கிறது. கடலில் துத்தநாகத் துண்டு. நன்னீரில் மக்னீசியத் துண்டு.

இரும்பும் துருப்பிடிக்காதா? பிடிக்கும். ஆனால் இரும்பு பிளாக்கின் சுவர் தடிமன். துரு பெரும்பாலும் பரவலாக, மெதுவாக இறங்கும். பல ஆண்டுகள் தாங்கும். கடல் தண்ணீரையே நேராக உறிஞ்சி, என்ஜினைச் சுற்ற விட்டு, வெளியே தள்ளும் முறையில் ஓடுகிற படகுக்கு இரும்பு ஹெட்தான் சரி. இதில் இரண்டாவது யோசனைக்கு இடமே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த முறையில் உப்பு படிந்து விடாமல் இருக்க, என்ஜினைச் சுமார் 60 டிகிரி சென்டிகிரேடு சூட்டில்தான் ஓட்டுவார்கள். என்ஜின் ஏற்கெனவே குளிர்ச்சியாக ஓடும்போது, சூட்டை வேகமாகக் கடத்தும் அலுமினியத்தின் அனுகூலம் பாதி போய் விடுகிறது.

வெளியே தொங்கும் என்ஜின் மட்டும் எப்படி?

விவரம் தெரிந்தவர்கள் இங்கே மடக்குவார்கள். மீனவர்கள் படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு என்ஜின் அலுமினியம்தானே? அதற்குள் ஓடுவது கடல் தண்ணீர்தானே? அது மட்டும் எப்படித் தாங்குகிறது?

நியாயமான கேள்வி. அவுட்போர்டு என்ஜின் முதலிலிருந்தே கடலுக்கென்று பிறந்தது. தாமிரம் மிகக் குறைந்த அலுமினியக் கலவையில் வார்த்து, ரசாயனப் பூச்சும் பெயிண்டும் கொடுத்து, துத்தநாகத் துண்டுகளையும் பொருத்தியே அனுப்புகிறார்கள். பெரிய இரும்பு பிளாக் எதுவும் அதோடு தொட்டுக்கொண்டு நிற்பதில்லை. எல்லாவற்றையும் விட முக்கியம், என்ஜினை நிறுத்தியதும் உள்ளே இருந்த தண்ணீர் தானாக வடிந்து விடும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டிக் கழுவி விட்டால் உப்பும் போய் விடும். உள்ளே உட்கார்ந்திருக்கும் கார் வகை என்ஜினில் தண்ணீர் வடியாது. திறந்து விட்டால் ஒழிய, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை உள்ளேயே நின்று அரித்துக் கொண்டிருக்கும்.

கழுவாமல் போட்டு வைத்த அவுட்போர்டு என்ஜின் என்ன கதிக்கு ஆளாகும் என்பதை எந்தப் படகுத்துறைப் பட்டறையிலும் பார்க்கலாம்.

நடுவில் ஒரு வழி

வேகமும் வேண்டும், கடலிலும் ஓட வேண்டும் என்றால் வழி இருக்கிறது. காரைப் போல என்ஜினுக்குள் கூலன்ட் கலந்த நல்ல தண்ணீரை மட்டும் சுற்ற விடுவது. கடல் தண்ணீர் வேறு ஒரு குழாய்க் கூட்டுக்குள் ஓடி, அந்த நல்ல தண்ணீரைக் குளிர வைத்து விட்டு வெளியே போய் விடும். இரண்டும் கலப்பதே இல்லை. இதை மூடிய குளிர்ப்பு முறை எனலாம். செலவு கூடும், இடம் பிடிக்கும், கொஞ்சம் எடையும் சேரும். ஆனால் அலுமினிய ஹெட் கடலில் பிழைக்க இதுதான் வழி.

1970-களில் அமெரிக்காவின் மெர்குருசர் கம்பெனி 470 என்ற 4 சிலிண்டர் படகு என்ஜினைக் கொண்டு வந்தது. அதில் எல்லாம் தலைகீழ்! பிளாக் அலுமினியம்; ஹெட் இரும்பு. இரண்டு உலோகங்கள் சேர்வதால், அதற்கு மூடிய குளிர்ப்பு முறையைக் கம்பெனியே பொருத்திக் கொடுத்தது. செய்கிறவர்களே உப்புத் தண்ணீரை உள்ளே விடப் பயந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூடிய முறை வைத்த பிறகும் ஒரு ஆபத்து காத்திருக்கிறது. கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்புவது நம் ஊர்ப் பழக்கம். அரிப்பைத் தடுக்கும் மருந்து கூலன்டில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரை ஊற்ற ஊற்ற மருந்து நீர்த்துப் போகும். பெரிய செலவு செய்து வைத்த ஏற்பாடு, சிறிய சிக்கனத்தில் வீணாகும்.

எல்லா அலுமினியமும் ஒன்றா?

தாராவியில் பழைய அலுமினியத்தை உருக்கி வார்க்கும் சிறு உலைகளை நம்மவர்களில் பலர் பார்த்திருப்பார்கள். சிலர் அதில் வேலையும் செய்திருப்பார்கள். பழைய பாத்திரம், பிஸ்டன், ஜன்னல் சட்டம், கியர் பெட்டி எல்லாம் ஒரே மூசையில் உருகும். வெளியே வருவது பளபளப்பான அலுமினியக் கட்டி. பாத்திரத்துக்கும் கைப்பிடிக்கும் அது போதும்.

படகுக்குப் போதாது. காரணம் தாமிரம். பிஸ்டனிலும் கியர் பெட்டியிலும் உள்ள கலவையில் பெரும்பாலும் தாமிரம் இருக்கும். எல்.எம். 24 என்ற கலவையில் 3 முதல் 4 சதவீதம் தாமிரம் உண்டு. வார்ப்பதற்கு எளிது, கடைவதற்கும் நன்றாக இருக்கும். ஆனால் உப்புத் தண்ணீருக்கு எதிரே நிற்காது. எல்.எம். 6 என்ற கலவையில் சிலிக்கன் 10 முதல் 13 சதவீதம். தாமிரம் ஏறக்குறைய இல்லவே இல்லை. கடல் காற்றுக்கும் தண்ணீருக்கும் தாங்கும் என்று பெயர் எடுத்தது அதுதான். பலம் வேண்டிய ஹெட்டுக்கு எல்.எம். 25 வகை. அதிலும் தாமிரம் மிகக் குறைவு.

இரண்டு வார்ப்படங்களை அருகருகே வைத்தால் கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியாது. தண்ணீர் பம்பு மூடி உடைந்து போனதற்கு, பழைய அலுமினியத்தில் "அச்சு அசலாக" வார்த்துக் கொடுத்த மூடி சீக்கிரமே பொத்தலாகிப் போகும் ரகசியம் இதுதான். வார்ப்படக்காரர் ஏமாற்றவில்லை. கலவை என்ன என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

புகை வழியில் மறைந்திருக்கும் எமன்

ஹெட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், புகை வெளியேறும் மேனிபோல்டை மறந்து விடுகிறார்கள். உண்மையில் அதிக என்ஜின்களைக் கொல்வது அதுதான்.

படகில் அந்த மேனிபோல்டைச் சுற்றியும் தண்ணீர் ஓடும். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நெருப்புப் புகை. அந்தப் பக்கம் கடல் தண்ணீர். சுவர் ஓட்டையானால் தண்ணீர் நேரே சிலிண்டருக்குள் போகும். பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீரை நசுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்து விடும்.

கடலில் இங்கே அலுமினியம் கூடாது. இரும்பு நல்லது. ஆனால் இரும்பும் நிரந்தரம் அல்ல. கடல் தண்ணீர் ஓடும் இரும்பு மேனிபோல்டை ஐந்து, ஆறு ஆண்டுகளில் மாற்றி விடுவது விவரம் தெரிந்தவர்கள் வழக்கம். வார்ப்பு இரும்பில் ஒரு விசித்திரம் உண்டு. இரும்பு கரைந்து போன பிறகும் அதில் உள்ள கரி அப்படியே நிற்கும். உருவம் மாறாது. பெயிண்டும் இருக்கும். கத்தியால் சுரண்டினால் பென்சில் கரி போல உதிரும். வெளிப் பார்வையை நம்பி, "இன்னும் ஒரு வருஷம் ஓடட்டும்" என்று விடுவதுதான் ஆபத்து.

சூடு ஏறினால்

இரண்டு உலோகமும் சேர்ந்த என்ஜினில் இன்னொரு தொல்லை. அலுமினியம் சூட்டில் வார்ப்பு இரும்பைப் போல் இரண்டு மடங்கு விரியும். அரை மீட்டர் நீளமுள்ள ஹெட், 70 டிகிரி சூடு ஏறும்போது தன் கீழே உள்ள பிளாக்கைவிட 0.4 மில்லிமீட்டர் அதிகம் நீளும். ஆறினால் சுருங்கும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் காஸ்கெட் இப்படித் தேய்கிறது. அதனால் அதற்கென்று உள்ள காஸ்கெட்டைத்தான் போட வேண்டும். தாமிரத் தகடு காஸ்கெட் கடலில் கூடவே கூடாது. மூன்றாவது உலோகம் வந்து பாட்டரியில் சேர்ந்து கொள்ளும்.

தண்ணீர் பம்பு நின்று போய் என்ஜின் கொதித்தால், இரும்பு ஹெட் விரிசல் விடும். அலுமினிய ஹெட் வளைந்து போகும். விரிசலை ஒட்டுவது கடினம். அலுமினியத்தை ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டலாம், மட்டம் சீவலாம். இது ஒன்றில் அலுமினியம் கெட்டிக்காரன். ஆனால் பிளக் மாட்டும் மரை எளிதில் கழன்று விடும். சூடாக இருக்கும்போது முறுக்கினால் கேட்கவே வேண்டாம்.

பழைய படகு வாங்கும்போது

பழைய படகு விலைக்கு வந்தால் பையில் ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போவது நல்லது. பெயிண்ட் அடித்த என்ஜினில் எது இரும்பு, எது அலுமினியம் என்று கண்ணால் தெரியாது. காந்தம் ஒட்டாத ஹெட் என்றால் அடுத்த கேள்வி, உள்ளே ஓடுவது எந்தத் தண்ணீர் என்பது. ஓரத்தில் மூடியுள்ள கூலன்ட் தொட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லை என்றால், படகு ஏரியிலேயே ஓடியதா, கடலில் ஓடியதா என்று விசாரிக்க வேண்டும். கடலில் ஓடியது என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

தெர்மோஸ்டாட் மூடி சில போல்டுகள்தான். அதைக் கழற்றி உள்ளே பார்த்தால் பாதிக் கதை தெரிந்து விடும். வெள்ளைப் பொடியும் குழிகளும் இருந்தால் ஹெட்டும் அப்படித்தான் இருக்கும்.

கடைசியாக, துத்தநாகத் துண்டு. பாதி கரைந்திருந்தால் நல்லது. அது தன் வேலையைச் செய்திருக்கிறது. ஒரு வருடம் கடலில் கிடந்தும் புதிது போலவே இருந்தால் சந்தோஷப்படக் கூடாது. அது என்ஜினோடு சரியாகத் தொட்டுக்கொண்டு இல்லை. அத்தனை நாளும் அதற்குப் பதிலாகக் கரைந்தது வேறு ஏதோ ஒன்று. அது எது என்று தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் விலை பேச வேண்டும்.